குதிரைக்கு எழுதிய பொறுப்புக் கடிதம்

1. நல்லூரில் வசிக்கும் உறுதிப் பத்திரங்கள் எழுதும் பிரசித்த நொத்தாரிசு வல்லிபுரம் கதிரித்தம்பி ஆகிய நான், மிருக வைத்தியர் இராசகுலேந்திரனைப் பற்றி நேரில் கண்டதையும் கேட்டதையும் மாத்திரமே இங்கு கூறுகிறேன்.

2. அவர் காலமான செய்தியைக் கடந்த செவ்வாய்க்கிழமை குருநகர் மரியதாசன் சைக்கிளில் வந்து சொன்னார். "டொக்டர் எங்களை விட்டிட்டுப் போட்டார், ஐயா." கொட்டிலில் நின்ற என் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வைத்தியரை அறிந்த உங்களிற் பலர் அந்தக் குதிரையையும் அறிவீர்கள். பெற்றோல் கிடைக்காத அந்த நாட்களில், நடக்க இயலாத என் மனைவியை வாரந்தோறும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றது நெடுந்தீவிலிருந்து வந்த அந்த மட்டக்குதிரையின் வண்டிதான். ஒரு நாள் அது துருப்பிடித்த ஆணியை மிதித்தது. வைத்தியர் எங்கள் வீட்டில் அதன் குளம்பைக் கழுவிக்கொண்டிருக்கையில், மீன்பெட்டி இழுக்கும் தன் பெட்டைக்குதிரையை மரியதாசன் நடத்திக்கொண்டு வந்தார். கம்பி அதன் காலைக் கிழித்திருந்தது. ஏற்புவலி என்னும் டெட்டனசுக்கான தடுப்பூசி அதற்கு ஒருபோதும் போட்டதில்லை.

ஏற்புவலியின் நஞ்சை முறிக்கும் மருந்து வைத்தியரிடம் ஒரேயொரு குப்பி இருந்தது. தடுப்பூசி எங்கும் இல்லை.

நான் என் குதிரையின் தடுப்பூசி அட்டையை எடுத்து வந்தேன். ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள், மறுவருடம் மூன்றாவது. அடுத்தது ஒரு வருடத்தில் என்று அவரே எழுதியிருந்தார். மூன்று வருடங்கள் கடந்துவிட்டன. தவணை காலாவதியாகிவிட்டதால் குப்பி என் குதிரைக்கே உரியது என்று வாதிட்டேன்.

"நொத்தாரிசு, இது குத்தகை உறுதியில்லை, தவணை முடிஞ்ச அண்டைக்கே குடியெழும்ப" என்றார் வைத்தியர். "வருஷத்துக்கொருக்கால் போடச் சொல்லுறது காவலுக்கு. மூண்டும் ஒழுங்காய்ப் போட்ட குதிரையிலை பலன் சில வருஷம் நிக்கும். எத்தினை எண்டு சத்தியம் செய்யமாட்டன். ஆனால் இவன்ரை குதிரையிலை ஒண்டுமே இல்லை."

அப்படியாயின் எழுத்தில் தரும்படி கேட்டேன். அதை நினைக்க இன்றும் கூச்சமாக இருக்கிறது. அவர் மறுக்கவில்லை. 'இக்குதிரைக்கு ஏற்புவலி வந்தால் பொறுப்பு என்னுடையது' என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டார். என் மனைவியும் மரியதாசனும் சாட்சிகள். தன் கலியாணத்துக்குக்கூட இவ்வளவு எழுத்து நடக்கவில்லை என்றார் மரியதாசன். குப்பி அவருடைய குதிரைக்குப் போயிற்று.

அடுத்த மூன்று வாரமும் வைத்தியர் அயலூரான திருநெல்வேலியிலிருந்து தினமும் காலையில் சைக்கிளில் வந்தார். குதிரையின் தாடையை உயர்த்தி, கண்ணின் உள்ளிமை விழிமேல் ஏறுகிறதா என்று பார்ப்பார். ஏற்புவலியின் முதல் அடையாளம் அது. வராதென்று சொல்லிவிட்டு ஏன் தினமும் அலைகிறீர்கள் என்று என் மனைவி கேட்டாள்.

"ஓம், வராது எண்டுதான் நினைக்கிறன், தங்கச்சி. அதுக்காகப் பாக்காமல் விடுறதே?"

வரவில்லை. மரியதாசனின் குதிரையும் பிழைத்தது. கடைசி நாள் வைத்தியர் பனங்கட்டியோடு தேநீர் குடித்துவிட்டு, "இனி அந்தக் கடதாசியைக் கிழிச்சுப் போடுங்கோ" என்றார். கையொப்பமிட்ட பத்திரத்தை நான் அழிப்பதில்லை என்றேன். சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறினார். பொறுப்பு முடிந்தவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது என் தொழில். அவருக்கு நான் அதை எழுதவில்லை.

இப்போது எழுதுகிறேன்: அவர் ஏற்ற பொறுப்பு முற்றாக நிறைவேறிற்று. தாளை மட்டும் கிழிக்கமாட்டேன். அவருடைய கையொப்பத்தோடு என்னிடம் இருப்பது அது ஒன்றே.

கையொப்பம்: வ. கதிரித்தம்பி

அன்று கையொப்பமிட்ட அதே சாட்சிகள்:
1. க. இரத்தினேஸ்வரி
2. சூ. மரியதாசன்