எதிர்த்தரப்போடு ஒரே காரில்

நீதிமன்றத்துக்கு இவ்வளவு ஆசையாகக் கிளம்புகிற ஆளை மலேசியாவின் அசாம் ஜாவா ஊரில் வேறெங்கும் பார்க்க முடியாது. தேதி வந்துவிட்டால் அம்சவள்ளி விடியும் முன்பே தலைக்குக் குளித்துவிடுவாள். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் இரண்டு பொட்டலம் கட்டுவாள். ஒன்று தனக்கு. மற்றது, தன்மேல் வழக்குப் போட்டிருக்கும் மருமகள் ரமணிக்கு. கார் ஓட்டுகிறவள் பசியோடு ஓட்டக்கூடாது அல்லவா.

ஒரே மகன் குகன் கல்யாணத்துக்கு முன்பே ஆயுள் காப்புறுதி எடுத்து, வாரிசாக அம்மா பேரைப் போட்டிருந்தான். பிறகு அதை மாற்றவேயில்லை. லோரி விபத்தில் அவன் போனபின், பணம் தாய்க்கா மனைவிக்கா என்று வழக்கு வந்தது.

அம்சவள்ளி செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிப் பிழைத்தவள். பணத்துக்குப் பறக்கிறவள் இல்லை. அவள் கவலை வேறு. ரமணிக்கு ரவாங்கில் வேலை. பணம் கைக்கு வந்தால் அங்கேயே வீடெடுத்துப் போய்விடுவாள். வராவிட்டால் கோபித்துக்கொண்டு போய்விடுவாள். ஜெயித்தாலும் தோற்றாலும் அம்சவள்ளி தனிமரம்தான். வழக்கு இழுக்கிறவரைக்கும்தான் மருமகள் இந்த வீட்டில் இருப்பாள். அதனால் ஒத்திவைப்பு என்று காதில் விழுந்தாலே அவளுக்கு முகம் மலர்ந்துவிடும்.

கேஸைப் பற்றித் தங்களுக்குள் பேசக்கூடாது என்று இருவருடைய வக்கீல்களும் சொல்லியிருந்தார்கள். மாமியாரும் மருமகளும் அதை ஒழுங்காகக் காப்பாற்றினார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை போட்டார்கள்.

"பெல்ட்டப் போடுங்க அத்தை. போலீஸ் சமன் வந்தா அபராதம் யாரு கட்டுறது?"

"எதிர்த்தரப்பு சொல்லி நான் கேக்கணுமா?"

"வேணாம்லா. எதிர்த்தரப்பு கார விட்டு எறங்கி, பஸ் புடிச்சு வாங்க."

பெல்ட் டக்கென்று மாட்டிக்கொண்டது.

அன்றைக்குச் சமரசப் பேச்சு. நீதிமன்ற வாசலிலேயே அம்சவள்ளியின் வக்கீல் தனபாலன் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கே முடிச்சிரலாம்மா. பாதிக்குப் பாதின்னா அவங்க ஒத்துக்குவாங்க."

அம்சவள்ளி அவசரமாகக் கையசைத்து மறுத்தாள். "பாதி வேணாம் தம்பி."

"முக்கால் கேட்டுப் பாக்கவா?"

"அதுவும் வேணாம்."

"முழுசுமா?"

"முழுசும் குடுத்துட்டா கேஸ் முடிஞ்சிருமே, தம்பி."

உள்ளே சமரச அதிகாரி மலாயில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்: உங்களுக்கு என்னதான் வேண்டும்?

"பணத்த அவளுக்கே குடுத்திருங்கய்யா. கேஸ் மட்டும் நடக்கட்டும்."

மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்காமல் தனபாலனைப் பார்த்தார். தனபாலன் விட்டத்தைப் பார்த்தார். ரமணிக்குத்தான் முதலில் விளங்கியது.

"ஏன் அத்தை, என்னப் போகாதன்னு சொல்றதுக்கு ஒரு வக்கீலும் ஒரு ஏர்கான் ரூமும் வேணுமா?"

"சொன்னா இருந்துருவியா?"

"இருக்க மாட்டேன். தெனம் அவ்ளோ தூரம் ஓட்டி இடுப்பு போச்சு. ரவாங்ல ஃபிளாட் பாத்துட்டேன், ரெண்டு ரூம். ஒன்னு உங்களுக்கு. ஆனா அங்க கருவாடு பொரிக்கக் கூடாது. பக்கத்து வீட்ல கத்துவாங்க."

முகத்தில் வந்துவிட்ட சிரிப்பை மறைக்க அம்சவள்ளி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, பணத்த விடுங்க. இந்தக் கருவாட்டு விசயத்துக்கு ஒரு தேதி போடுங்க."