மலைப்பழம் ஒண்ணும் செய்யாதுங்க

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு டயாலிசிஸ் தொடங்கிய பிறகு, எங்கள் வீட்டுச் சமையல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. காயை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடியும் வேகவைத்து, அதையும் கொட்டிவிட்டு மிச்சமிருப்பதைத் தாளித்துத் தட்டில் வைப்பேன். அதைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் என்று சொல்லிக்கொண்டோம். பொட்டாசியம் ஏறக்கூடாது என்பதற்காக இத்தனையும். ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று முதல் நாளே டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சரி, இனி காய்த் தண்ணீரைக் கொட்டவேண்டும் என்று மட்டும் தோன்றியது.

வாட்ஸ்அப் குழு அந்த டயாலிசிஸ் சென்டரின் வெளி நாற்காலிகளில் பிறந்தது. உள்ளே மெஷின் ஓடும் நேரமெல்லாம் வெளியே உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்காரர்கள் நாங்கள். நத்தத்துக்குக் கடைசி பஸ் எப்போது, எந்த மருந்துக்கடையில் ஊசி கிடைக்கிறது, இப்படிக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தது. அப்புறம் ஒருவர் மூலம் ஒருவராக வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கமெல்லாம் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மாதிரி சில நோயாளிகளும் உள்ளே வந்தார்கள். பாதிப் பேரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் எல்லோரும் எல்லோருக்கும் அண்ணன், அக்கா. நான் மட்டும் டீச்சர். தனியார் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன்.

இன்னொருவர் டாக்டர் சார். நெய்க்காரப்பட்டிப் பக்கம். பெயருக்கு முன்னால் டாக்டர் என்பதை ஆங்கிலத்தில் சுருக்கிப் போட்டிருக்கும். அவருடைய அம்மாவுக்கும் டயாலிசிஸ். யார் என்ன கேட்டாலும் பொறுமையாக, அந்தப் பக்கத்து மரியாதையோடு, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு எழுதுவார். கைவீக்கத்துக்கு என்ன செய்வது, அரிப்புக்கு என்ன தடவுவது, எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதுதான் சிக்கலே. எப்போதும் தப்பாகச் சொல்கிறவரை யாரும் நம்பப்போவதில்லை.

ஒருநாள் வேடசந்தூர்ப் பக்கத்து அக்கா ஒருவர், தன் வீட்டுக்காரர் வெளிக்குப் போய் நாலைந்து நாளாகிவிட்டது, மலைப்பழம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். டயாலிசிஸ்காரர்களுக்கு மலச்சிக்கல் பெரும்பாடு. தண்ணீரும் குடிக்கக்கூடாது, மாத்திரையும் இறுக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் மலைப்பழத்தை யாரும் வாழைப்பழக் கணக்கில் சேர்ப்பதில்லை. கடையில் போய் வாழைப்பழம் கேட்டால் நாட்டுப்பழமோ பச்சைப்பழமோ எடுத்துக் கொடுப்பார்கள். சிறுமலையிலிருந்து இறங்குகிற பழம் வேண்டுமென்றால் மலைப்பழம் என்று தனியாகக் கேட்கவேண்டும். விலையும் தனி, மதிப்பும் தனி. காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கும், பிள்ளை பெற்றவளுக்கும், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போதும் அதுதான். அதனால் டாக்டர்கள் வாழைப்பழம் கூடாது என்று சொன்னால், எங்கள் ஆட்கள் ஒழுங்காகத் தலையாட்டிவிட்டு மலைப்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஏமாற்று ஒன்றும் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை டாக்டர் சொன்னதை மீறவே இல்லை.

டாக்டர் சார் பதில் போட்டார்: "மலைப்பழம் ஒண்ணும் செய்யாதுங்க. மத்த வாழைப்பழந்தான் ஆகாதுங்க. எங்கம்மாவுக்கு நான் குடுத்துட்டுத்தானுங்க இருக்கறேன்."

நான் எழுதினேன்: "தப்பு. எந்த வாழைப்பழமும் கூடாது. பொட்டாசியம்."

அவ்வளவுதான். எனக்கு அதில் மேற்கொண்டு எழுத என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. தப்பைத் தப்பு என்று சொல்லித்தான் இத்தனை வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். ஒரு பிள்ளையின் நோட்டில் ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று இருந்தால், உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன் என்று ஓரத்தில் எழுதமுடியுமா?

குழு கொந்தளித்துவிட்டது. படித்தவரை இப்படியா பேசுவது என்றார் ஒருவர். டீச்சருக்கு எல்லோரும் ஸ்கூல் பிள்ளைகள் என்று நினைப்பு என்றார் இன்னொருவர், பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை வைத்து. பழத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. குழுவை நடத்துகிற நத்தத்து அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், நீங்க சொல்றது சரியாக்கூட இருக்கட்டும். அவரு டாக்டரு. அம்புட்டுப் பேருக்கு முன்னாடி ஒத்த வார்த்தையில தப்புன்னா நல்லாவா இருக்கு? ஒரு சாரி போட்டு விட்டுருங்க. நமக்குள்ள என்ன?"

போட்டேன். சண்டை போடத் தெம்பில்லை. மறுநாள் டயாலிசிஸ், அதற்கு மறுநாள் பரீட்சைப் பேப்பர். டாக்டர் சார் உடனே எழுதினார்: "அய்யோ, நீங்க எதுக்குங்க மன்னிப்புக் கேக்கறீங்க? உங்க கருத்தையும் நான் மதிக்கறனுங்க." அதற்குக் கீழே கைகூப்பல்கள் வரிசையாக வந்து விழுந்தன. பொட்டாசியம் என்னுடைய கருத்தாகிவிட்டது. வேடசந்தூர் அக்கா, "ரொம்ப நன்றி டாக்டர் சார்" என்று முடித்துவைத்தார்.

எரிச்சல்கூட அன்று சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது. அந்த வருஷத்தில் எனக்கு எதுவுமே ரொம்ப நேரம் நின்றதில்லை.

சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்தபடி, காலைத் தூக்கமுடியவில்லை என்றார். வலி இல்லை, மரத்தும் போகவில்லை, தூக்கத்தான் முடியவில்லை என்றார். எதிர்வீட்டுத் தம்பியும் நானும் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ஓடிவந்த தாளைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் நடை மாறிவிட்டது. ஊசி போடச் சொன்னார், மெஷினைத் தயார் பண்ணச் சொன்னார், அதற்கு நடுவிலேயே என்னிடம் திரும்பினார்.

"என்ன சாப்பிட்டார்?"

சொன்னேன். எல்லாம் இரண்டு தண்ணீர் கொட்டிய காய்.

"பழம்?"

"பழம் வீட்டுக்குள்ளயே வர்றதில்லை மேடம்."

கட்டிலிலிருந்து அவர் மெதுவாகச் சொன்னார். "மலைப்பழம் சாப்டேன்."

காலையில் அவர் பெயிண்ட் கடையில் போய்ச் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். அவருடைய கடைதான். இப்போது அவர் தம்பி பார்த்துக்கொள்கிறார். எதிரிலேயே பழக்கடை. அங்கேதான் தினமும்.

"யார் சாப்பிடச் சொன்னது?"

"டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்?"

அவர் போனை நீட்டினார். டாக்டரம்மா வாங்கி ஒருமுறை பார்த்தார். "மலையில விளைஞ்சாலும் வாழைப்பழம் வாழைப்பழந்தான்யா" என்று மட்டும் சொல்லி, போனை என் கையில் கொடுத்துவிட்டு அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்.

வெளியே நின்றேன். அவர் செத்துப்போகலாம் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பயம் மட்டும் வரவில்லை. பள்ளிக்கு லீவு சொல்லவேண்டும், அடுப்பை அணைத்தோமா, இப்படித்தான் ஓடியது. கையில் போன் திறந்தபடியே இருந்தது. நான் குழுவில் தப்பு என்று எழுதிய அன்றைக்கே அவர் டாக்டர் சாருக்குத் தனியாக எழுதியிருக்கிறார்.

"டீச்சர்னு போட்டு எழுதுனது என் சம்சாரந்தான் சார். மனசுல வச்சுக்காதீங்க. மலைப்பழம் நான் சாப்பிடலாமா சார்?"

நடுவில் "எப்படி இருக்கீங்க" என்று அவர் கேட்டு, இவர் நீளமாக எழுதியிருந்ததைத் தாண்டிப் போனேன்.

"தாராளமா சாப்பிடுங்க."

அதற்கு மேல் படிக்கவில்லை. போனை மூடிப் பைக்குள் போட்டேன்.

பிழைத்துக்கொண்டார். மறுநாள் வார்டுக்கு மாற்றினார்கள். நான் படிக்கட்டுப் பக்கம் போய் டாக்டர் சாருக்குப் போன் செய்தேன். திட்டத்தான் செய்தேன், பொய் சொல்லமாட்டேன். நீங்கள் எந்தக் காலேஜில் எந்த டாக்டருக்குப் படித்தீர்கள் என்று ஆரம்பித்தேன்.

"நானுங்களா? அய்யோ, நான் டாக்டர் இல்லீங்களே. காய்கறிக் கமிஷன் கடையில இருக்கறனுங்க."

"அப்ப பேருக்கு முன்னாடி போட்டிருக்கே?"

"அது இனிசியலுங்க. டி, தாராபுரமுங்க, எங்க சொந்த ஊரு. ஆர், எங்கய்யன் பேருங்க."

ஊர் பெயரின் முதலெழுத்து, அப்பா பெயரின் முதலெழுத்து. நம் எல்லோர் பெயருக்கும் முன்னால் இருப்பதுதான். நடுவில் புள்ளி வைக்காமல் விட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும்.

"டாக்டர் இல்லைன்னு ஒருக்கா எழுதுனனுங்க. யாரும் நம்பலீங்க. சாருக்கு என்ன ஒரு தன்னடக்கம்னு போட்டாங்க. அப்புறம் கூச்சமாப் போயிருச்சுங்க, விட்டுட்டேன்" என்றார். பிறகு தேடிப் பார்த்தேன். உண்மைதான். எழுதியிருக்கிறார். கீழே கைகூப்பல்கள்.

அந்தப் போன் பேச்சு அதோடு முடியவில்லை. அப்புறம் அவர் கேட்டார். "அப்படீன்னா எங்கம்மாவுக்கும் குடுக்கக்கூடாதுங்களா?"

அந்தக் குரலில் கள்ளம் எதுவும் இல்லை. எனக்கு அவரைத் திட்டுவது அந்த இடத்தில் நின்றுபோனது. உங்கள் டாக்டரிடம் இன்றைக்கே கேளுங்கள், அதுவரை கொடுக்காதீர்கள் என்றேன். அம்மாவுக்கு இன்னும் சிறுநீர் நன்றாகப் போகிறதாம். அதனால் தாங்கியிருக்கலாம் என்று எங்கள் டாக்டரம்மா பின்னால் சொன்னார்.

மனிதர் அன்று மாலையே குழுவில் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். தான் டாக்டர் இல்லை, தான் சொன்னது தப்பு, டீச்சர் சொன்னதுதான் சரி, ஓர் உயிர் போகப் பார்த்தது என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். அதைச் செய்ய எத்தனை பேருக்கு மனசு வரும்? நான் என்றால் செய்திருப்பேனா, தெரியாது. வந்த பதில்களைத்தான் தாங்கமுடியவில்லை. "உங்க பெருந்தன்மை யாருக்கு வரும் சார்" என்றார்கள். "நீங்க எங்களுக்கு எப்பவும் டாக்டர்தான்" என்றார்கள். அவரைப் போய் இப்படி எழுதவைத்துவிட்டார்களே என்று ஒருவர் வருத்தப்பட்டார். எழுதவைத்தது யார் என்று அவர் சொல்லவில்லை.

வேடசந்தூர் அக்கா மட்டும் எனக்குத் தனியாக ஒரு குரல்பதிவு அனுப்பினார். "டீச்சர், நான் அன்னைக்கே எங்க டாக்டர்கிட்ட கேட்டேன். குடுக்கவே கூடாதுன்னுட்டாரு. நானும் குடுக்கல. டாக்டர் சார் அம்புட்டுத் தூரம் சொன்னப்புறம் இல்லைன்னு குழுவுல போட்டா மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

இரண்டு தரம் கேட்டேன். பிறகு போனைச் சார்ஜில் போட்டேன்.

வீட்டுக்கு வந்து நாலைந்து நாள் ஆனபிறகு, மத்தியானம் அவருக்குத் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அதைக் கேட்காமல் இருக்கமுடியவில்லை. வீட்டில் இருக்கிற நான் கூடாது என்கிறேன். முகம் தெரியாத ஒருவர் சாப்பிடு என்கிறார். எப்படி அவர் பேச்சைக் கேட்டீர்கள் என்றேன். டாக்டர் என்று நினைத்ததாலா?

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார்.

"டாக்டருங்கறதுனால இல்ல. அவர்கிட்ட என்ன கேட்டாலும், மொதல்ல எப்படி இருக்கீங்கன்னு கேப்பாரு. நான் சொல்லுவேன். எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் பதில் போடுவாரு." பிறகு கோபமே இல்லாமல் கேட்டார். "நீ அதைக் கேட்டு எம்புட்டு நாளாச்சு?"

நினைத்துப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. தினமும் எடை பார்க்கிறேன், பிரஷர் பார்க்கிறேன், கால்வீக்கத்தை அமுக்கிப் பார்க்கிறேன். எனக்குள் ஏதோ ஒன்று இடம் பெயர்ந்தது. வலி என்று சொல்லமுடியாது, ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு ஏதோ ஒன்று. இப்போதாவது கேட்டுவிடவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"காலையில இருந்து தண்ணி எம்புட்டுக் குடிச்சீங்க?" என்றேன்.

"அரை டம்ளர்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட ஆரம்பித்தார்.