மோட்டார்காரன் விழுந்த வளைவு

இன்று மார்த்தாண்டத்தில் புதுக்கடை பஸ் ஏறி, "புளியமூட்டுக்கு ஒரு டிக்கெட்" என்றேன்.

"அது எங்க இருக்கு அக்கா?" என்றான் புதுக் கண்டக்டர்.

பக்கத்தில் இருந்த மீன்காரி சொன்னாள்: "ஏலே, மோட்டார்காரன் விழுந்த வளைவைத்தான் சொல்லுதா."

விழுந்தது என் வீட்டுக்காரர். எங்கள் பக்கத்தில் அவரிடம் மட்டும்தான் மோட்டார் சைக்கிள் இருந்தது. ரோடு போட வந்தவர்கள் சரல் கல்லை வளைவில் கொட்டி, பரத்தாமல் போய்விட்டார்கள். வண்டி அதில் சறுக்கியது; விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

"கண்ணு மண்ணு தெரியாம ஓட்டியிருப்பான்" என்று சிரித்தான் கண்டக்டர்.

"முட்டைக் கூடையைப் பின்னால கெட்டிக்கிட்டு எவனாவது வேகமாப் போவானா மக்கா? அவரு என்னைக் கெட்டின மாப்பிள்ளை" என்றேன்.

அவன் முகம் செத்துவிட்டது. மீன்காரி வேறு பக்கம் பார்த்தாள்.

வளைவு வந்ததும், "புளியமூடு! புளியமூடு!" என்று மரியாதையாகக் கூவினான். நான் ஒருத்திதான் எழுந்தேன்.

பஸ் நகர்ந்த பிறகு உள்ளே ஒரே சத்தம். "நிறுத்துலே! மோட்டார்காரன் விழுந்த வளைவுன்னு சொல்லாண்டாமா?" என்று இரண்டு பேர் குதித்து இறங்கினார்கள்.

சரல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அந்த வழி வந்தால் மெதுவாக வாருங்கள்.

டிக்கெட்டுக்கு எந்தப் பெயர் சொல்வீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். கேட்டுப் பழகிக்கொள்கிறேன்.