கூலிக்கு அவல்

"மானியமா? நீ என்ன கோயிலா?" என்று அப்பா கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவர் அவர். அவருக்குத் தெரிந்த மானியம், விளக்குப் போடவும் மேளம் வாசிக்கவும் எந்தக் காலத்திலோ யாரோ எழுதிவைத்த நிலம். சிறு உற்பத்தித் தொழில் செய்பவர்களுக்கு மெஷின் விலையில் ஒரு பகுதியை அரசு திருப்பித் தருகிறது, அதற்கும் அதே பெயர்தான் என்று விளக்கினேன்.

"அப்ப மேளம் யாரு வாசிக்கணும்?" என்றார். இது கேலி.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்தேன். வீட்டுக்கு வரும் காகிதங்களை எல்லாம் நான்தான் படிப்பேன். அப்பாவின் கையெழுத்துகூட நான் கற்றுக்கொடுத்ததுதான். ஆகவே மானிய விண்ணப்பத்தை யாரிடமும் காட்டாமல் நானே நிரப்பினேன். அடித்தல் திருத்தல் கிடையாது.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அவல் இடிக்கும் மெஷின் அப்போது ஓடத் தொடங்கியிருந்தது. இடிப்பதுதான் மெஷின். ஊறிய நெல்லை வறுப்பது அம்மா. விறகடுப்பு, இரும்புச்சட்டி, சித்திரை வெயில். மானியம் வந்தால் வறுக்கிற டிரம் வாங்கலாம். வராவிட்டால் அம்மாதான் டிரம்.

ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. மெஷினைப் படம் எடுத்தார், மின் இணைப்பைப் பார்த்தார், காகிதங்களைப் புரட்டி, "நீட்டா வச்சிருக்கீங்க" என்றார். நான் அடக்கமாக இருக்க முயன்றேன். கிளம்பும்போது கொட்டகை வாசலில் நின்று போர்டைப் படித்தார்.

"கூலிக்கு அவல் இடித்துத் தரப்படும்." என் கையால் எழுதியது. ஒற்றுப்பிழைகூட இல்லை.

"நெல்லு யாருதும்மா?"

"கொண்டு வர்றவங்களுதுங்க."

"அவல்?"

"அதுவும் அவங்களுதுதாங்க."

"அப்ப நீங்க என்ன உற்பத்தி பண்றீங்க?"

அம்மா அடுப்பை விட்டுத் திரும்பாமலே, "பொகைதாங்க" என்றாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளவும் இல்லை. அடுத்தவர் பொருளைக் கூலிக்குச் செய்து கொடுத்தால் அது சேவை, இந்த மானியம் உற்பத்திக்கு மட்டும் என்று பொறுமையாகச் சொன்னார். அது விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. நான் படித்திருந்தேன். எங்கள் ஊரில் நெல்லைக் கொண்டுவந்து கொடுத்து அவலாக வாங்கிப் போவதுதான் வழக்கம் என்பதால், அது என்னைப் பற்றியது என்று தோன்றவில்லை.

"உங்க பேர்ல நெல்லு வாங்குங்க. உங்க பேர் போட்ட பாக்கெட்ல வித்து, ரெண்டுக்கும் பில்லு வைங்க. திரும்பி வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அடுத்த ஈட்டை வறுக்கத் தொடங்கினாள். ஏதாவது கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நெல் வீட்டிலேயே இருந்தது, அப்பாவின் சம்பா. அதை எனக்கு விற்க வேண்டும் என்றேன்.

"எடுத்துக்க. இதுல விக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"எடுத்துக்கிட்டா பில்லு இல்லப்பா."

"பெத்த பொண்ணுக்குப் பில்லு போட்டேன்னு வெளிய சொல்லிராத" என்றார்.

மூட்டையை எடை போட்டோம். கொள்முதல் நிலையத்து விலைக்குக் குறைய மாட்டேன் என்று நின்றார். விற்பவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை நான் பேனா மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போர்டில் முதல் வார்த்தைக்கும் கடைசி இரண்டு வார்த்தைகளுக்கும் வெள்ளைப் பெயிண்ட் அடித்தாயிற்று. இப்போது "அவல்" மட்டும் இருக்கிறது. இன்று காலையில் முதல் மூட்டையை ஊறப்போட்டுவிட்டேன்.