பின் இருக்கை இன்ஜினியர்

தெரியாது என்ற சொல் என் அம்மாவின் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்தாலும் சரி, எதிர்வரிசையில் யாரோ வீடு மாறினாலும் சரி, "எனக்கு அப்பவே தெரியும்" என்பார். அப்படிப்பட்டவருக்குத் தன் சொந்தத் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் என்ன பேசிக்கொண்டு போகிறார் என்பது மட்டும் கடைசிவரை தெரியாமல் போயிற்று. அதற்குக் காரணம் நானும், மாமா வாங்கி வந்த சிடி பிளேயரும்தான்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் நான் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா, அம்மா, நான் என்றிருந்த வீட்டில் மாமாவும் எங்களோடுதான் இருந்தார். சின்ன வயதிலேயே பெற்றவர்களை இழந்த தம்பியை அம்மாதான் சோறூட்டி, அதட்டி, படிக்கவைத்து ஆளாக்கினார். துறைமுகத்தில் ஓர் ஆபிஸில் கணக்கெழுதும் கிராணி வேலை அவருக்கு. தினமும் காலையில் குளியலறையில் நின்றுகொண்டு ஒரே பாட்டைச் சுருதி இல்லாமல் பாடுவார். "தண்ணி முடியுதோ இல்லையோ, பாட்ட முடி!" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்துவார். எங்கள் வீட்டில் பொழுது விடிவது இந்தச் சண்டையோடுதான்.

சிடி பிளேயரை மாமா ஒரு கப்பல்காரரிடமிருந்து பழையதாக வாங்கியிருந்தார். சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது, வட்டமானது. மூடியில் ஒரு குட்டிக் கண்ணாடிச் சன்னல் இருந்தது. அதன் வழியே உள்ளே சிடித் தட்டு சுற்றுவதைப் பார்க்கலாம். எங்கள் தெருவில் அதுவரை கேசட்டைத் தவிர வேறு எதையும் யாரும் பார்த்ததில்லை. மாமாவிடம் இருந்ததும் ஒரே ஒரு தட்டுதான், சினிமாப் பாட்டு. குளியலறைப் பாட்டுதான் அதில் முதல் பாட்டு.

வாங்கிய இரண்டாம் நாளே பிளேயர் மக்கர் செய்தது. தட்டைப் போட்டு மூடினால், உள்ளே தட்டே இல்லை என்று சாதித்தது. மாமா பேட்டரியை மாற்றினார். தட்டைக் கைலியில் துடைத்துப் போட்டார். தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். கொஞ்ச நேரம் வெயிலில்கூட வைத்தார். கடைசியில் கப்பல்காரரின் பரம்பரையையே இழுத்துத் திட்ட ஆரம்பித்தார். நான் குனிந்து உள்ளே பார்த்தேன். நடுவே மிளகு அளவில் ஒரு கண்ணாடிக் கண். அதன்மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"மாமா, இங்க சந்தனம் இருக்கு."

முதல்நாள் வெள்ளிக்கிழமை. புதுச் சாமானைச் சாமி படத்தின் முன் வைத்து அம்மா பூசை போட்டிருக்கிறார். மூடியைத் திறந்து உள்ளேயும் பொட்டு வைத்திருக்கிறார்.

"கண்ணு மாதிரி ஒண்ணு இருந்துச்சுடா. திருஷ்டி படக்கூடாதுன்னு அங்கயும் ஒண்ணு வெச்சேன்" என்றார் அம்மா, கொஞ்சமும் அசராமல்.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து மெல்ல மெல்லத் துடைத்தோம். தட்டு சுற்றியது, பாட்டு வந்தது. "காஞ்ச சந்தனம் துடைச்சா போயிடும்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லிவிட்டு அம்மா சோறு வடிக்கப் போனார். "இனிமே இதுக்கு நீதான் இன்ஜினியர், பாப்பா" என்று மாமா என் தலையைத் தட்டினார். அந்த நிமிடத்திலிருந்து நான் தரையில் நடக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமாவுக்குப் பரிசம் போட்டாகியிருந்தது. பெண்ணுக்கு ஊர் பிரிக்பீல்ட்ஸ், ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை. பரிசம் போட்ட அன்றே அவரை நான் அத்தை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன் இரண்டு பேரும் வெளியே போகலாம், ஆனால் கூட ஒரு பிள்ளை போகவேண்டும் என்பது அத்தையின் அம்மா போட்ட சட்டம். எங்கள் அம்மாவுக்கு அதில் பரம சந்தோஷம். பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் என்னைக் காவலுக்கு அனுப்புவதாக நினைத்தார்கள். அம்மா என்னை ஒற்றராக அனுப்பினார். நானோ மோரிப் கடற்கரையில் கிடைக்கும் ஒரு கிண்ணம் இனிப்பு ஐஸ் கச்சாங்குக்காகப் போனேன்.

முதல் பயணத்துக்கு முன்னால் மாமா என்னிடம் தனியாகப் பேசினார். கார் குலுங்கினால் பாட்டு தாவும், அதனால் பிளேயரை மடியில் வைக்கக்கூடாது, இரண்டு கையாலும் ஆடாமல் ஏந்திப் பிடித்துக்கொண்டு வரவேண்டும், எங்கே தாவுகிறது என்று கவனிக்கவேண்டும் என்றார். இதற்காகவே காதை முழுதாக மூடும் பெரிய ஹெட்போன் ஒன்றும் வாங்கி வந்திருந்தார். பேட்டரியை மட்டும் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மலிவாகப் பார்த்து வாங்கும் மனிதர், ஹெட்போனுக்கு இவ்வளவு செலவழித்திருக்கிறாரே என்று நான் நெகிழ்ந்துபோனேன். நீங்கள் கேட்கவேண்டாமா என்று கேட்டதற்கு, "நாங்க அப்புறம் கேட்டுக்குறோம். மொதல்ல இன்ஜினியர் டெஸ்ட் பண்ணணும் லா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பசியாறிவிட்டுக் கிளம்புவோம். பிரிக்பீல்ட்ஸ் போய் அத்தையை ஏற்றிக்கொண்டு, வந்த வழியே கிள்ளானுக்குத் திரும்பி, ஜெஞ்சாரோம், பந்திங் தாண்டி மோரிப்புக்குப் போவோம். எங்கள் ஊரைக் கடக்கும்போது மட்டும் மாமா காரை வேகமாக விடுவார். அத்தை தலையைக் குனிந்துகொள்வார். ஜெஞ்சாரோமுக்குப் பிறகு செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரிகள் ரோட்டைக் கிண்டிப் போட்டிருக்கும். பள்ளம் வருவது தெரிந்தால் நான் இருக்கையிலிருந்து எழும்பி, கைகளைத் தளர்த்தி, பிளேயர் அலுங்காமல் காப்பாற்றுவேன். ஒரு பயணத்தில் ஒருமுறைகூடத் தாவாமல் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, கடலைக்கூடப் பார்க்கத் தோன்றாமல் மாமாவிடம் ஓடிப்போய் ரிப்போர்ட் கொடுத்தேன். அவர் மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் அம்மாவின் விசாரணை தொடங்கும். எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, சடை பின்னுகிற சாக்கில் என் தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "என்ன பேசிக்கிட்டாங்க?" என்பார். நான் பாட்டுகளை வரிசையாகச் சொல்வேன். எந்தப் பள்ளத்தில் எந்தப் பாட்டு தாவியது என்றும் சொல்வேன். "பாட்ட யாருடி கேட்டா?" என்று சடையை ஓர் இழுப்பு இழுப்பார்.

அம்மாவுக்கு இருந்த கவலை எனக்கும் தெரிந்ததுதான். கல்யாணத்துக்குப் பிறகு தம்பி தன்னோடே இருக்கவேண்டும். அதற்காக முன் அறைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தாயிற்று. கண்ணாடி பதித்த புது அலமாரியும் வந்து நின்றது. அந்த அறைக்குள் நான் செருப்புக் காலோடு போனால் முதுகில் ஒன்று விழும்.

அந்த ஒரு ஞாயிறு, மோரிப்பிலிருந்து திரும்பும்போது, பந்திங் தாண்டியதும் பாட்டு நின்றது. பாசார் மாலாம் பேட்டரி வேலையைக் காட்டிவிட்டது. சன்னல் வழியே பார்த்தேன், தட்டு அசையாமல் கிடந்தது.  பந்திங்கில் பெரியம்மா மகன் ஒருவன் இருந்தான். இந்த வேலைமேல் அவனுக்கு ஒரு கண். என் கையில் பிளேயர் நின்றுபோனது தெரிந்தால் அடுத்த வாரம் பின் இருக்கை அவனுக்குப் போய்விடும். ஆகவே நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல், இல்லாத பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

அப்போதுதான் முன் இருக்கைப் பேச்சு முதன்முறையாகக் காதில் விழுந்தது. ஹெட்போன் வழியே மங்கலாகத்தான் கேட்டது.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா இல்லையா?"

"சொல்றேன் லா. ரூமுக்குப் பச்சப் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்காங்க. எப்படிச் சொல்லச் சொல்ற?"

"இதையேதான் எப்பவும் சொல்றீங்க. பினாங்கு ஆஸ்பத்திரியில எனக்குப் பெரிய போஸ்ட் குடுத்துருக்காங்க. கல்யாணம் முடிஞ்சதும் நான் அங்க இருக்கணும். உங்களுக்கும் அங்க ஆபிஸ் பிராஞ்ச் இருக்கு. அக்காகிட்ட உங்களால சொல்ல முடியலன்னா சொல்லுங்க, இதோட நிறுத்திக்குவோம். மோதிரத்த எங்கம்மா திருப்பிக் குடுத்துருவாங்க."

 மாமா கியரை மாற்றினார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் திரும்பினார். நான் பல்லைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பிளேயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முன்பக்கம் திரும்பியவர் சொன்னதையே மறுபடியும் சொன்னார். இந்தமுறை ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, உரக்கச் சொன்னார். பினாங்கு. கல்யாணம் முடிஞ்சதும். ரெண்டு பேரும்.

"மெதுவா பேசேன்" என்றார் மாமா.

"அவளுக்குத்தான் கேக்காதே" என்றார் அத்தை.

பக்கத்தில் ஒரு லோரி போய்க்கொண்டிருந்ததால் கத்துகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் கவலையெல்லாம் பேட்டரிமேல்தான்.

அன்று சாயங்காலமும் சடை பின்னப்பட்டது. "என்ன பேசிக்கிட்டாங்க?" கேட்டதைச் சொன்னால் எப்படிக் கேட்டது என்று வரும். எப்படிக் கேட்டது என்றால் பிளேயர் நின்றது வெளிப்படும். நான் ஓடாத பாட்டுகளையும் சேர்த்து, முழுத் தட்டையும் வரிசை மாறாமல் ஒப்பித்தேன். ரகசியத்தைக் காப்பாற்றுகிறோம் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. நான் காப்பாற்றியது என் வேலையை.

அடுத்த ஞாயிறு அத்தை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். வந்தவர் நேராக அடுப்படிக்குப் போய், கோழிக்கறி கிண்டிக்கொண்டிருந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார்.

"நீங்க சத்தம் போடுவீங்க, கல்யாணமே நின்னுடும்னு வாரம் முழுக்கப் பயந்துகிட்டு இருந்தேங்க்கா. ஒரு வார்த்த சொல்லல நீங்க. எங்கள பினாங்குக்கு அனுப்ப இந்த மனசு யாருக்கு வரும்?"

வாசற்படியில் நின்ற மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. அம்மாவின் அகப்பை நின்றது. அம்மா அத்தையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கறி அடிபிடிக்கும் வாசனை வந்தது. அம்மா அடுப்பைத் தணித்தார்.

"இதுல அழ என்னம்மா இருக்கு? எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.  "அந்த அலமாரிய லோரியில ஏத்தி அனுப்பிடலாம். அங்க போய் புதுசு வாங்கிக் காசக் கரியாக்காதீங்க."

அன்று மாமா மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

பல வருடங்கள் கழித்துப் பினாங்கு வீட்டில் அத்தை இதையெல்லாம் சொல்லிச் சிரித்தார். "தட்டு சுத்தல, நீ மட்டும் தலையாட்டிக்கிட்டு இருந்த. சரி, இது போய் வீட்ல சொல்லிடும், உங்க மாமா சொல்ற ஆளு இல்லன்னுதான் நான் கத்துனேன். வாரம் பூரா போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஒண்ணும் வரல. சரி, அக்கா சம்மதிச்சுட்டாங்கன்னு நினைச்சுட்டேன்." பெரிய ஹெட்போன் எதற்கு வாங்கப்பட்டது என்பதையும் அன்றுதான் எனக்கு விளக்கினார்கள். மாமா பேப்பரில் முகத்தை மறைத்துக்கொண்டார்.

பேசியபடியே கல்யாணம் நடந்தது. மாமாவும் அத்தையும் போனார்கள். அலமாரியும் லோரியில் போனது. பிளேயரையும் ஹெட்போனையும் தட்டையும் மாமா எனக்கே கொடுத்துவிட்டார். தெருவிலேயே சொந்தமாக பிளேயர் வைத்திருந்த ஒரே பிள்ளை நான். வேறு எதைப் பற்றியும் எனக்கு அப்போது நினைப்பில்லை. காலையில் குளியலறை சத்தமில்லாமல் இருந்தது. அம்மா யாரையும் அதட்டாமல் தோசை சுட்டார்.

ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது அப்பா வேலைக்குப் போயிருந்தார். வீடு அமைதியாக இருந்தது. பச்சை அறையில், அலமாரி நின்ற இடத்தில், அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். காதில் அந்தப் பெரிய ஹெட்போன், மடியில் பிளேயர். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சன்னலில் பார்த்தேன், தட்டு சுற்றவில்லை. எப்படிச் சுற்றும்? அதன் பேட்டரிகளை முதல்நாள் நான்தான் டார்ச்லைட்டுக்கு எடுத்திருந்தேன்.

ஒரு பக்கம் ஹெட்போனைத் தூக்கி, "அம்மா, பாட்டு ஓடலம்மா" என்றேன்.

"தெரியும்" என்றார். ஹெட்போனை மறுபடியும் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதையும் தெரியும் என்கிறாரே! மெஷின் கெட்டுக் கிடக்கும்போது இன்ஜினியர் சும்மா இருக்க முடியுமா? ஓடிப்போய் டார்ச்லைட்டிலிருந்து இரண்டு பேட்டரிகளையும் எடுத்துவந்து போட்டேன். கண்ணாடிக் கண்ணை ஊதிச் சுத்தம் செய்தேன். மூடி, பட்டனை அழுத்தினேன். தட்டு சுற்றத் தொடங்கியது. முதல் பாட்டு, மாமாவின் குளியலறைப் பாட்டு, ஹெட்போனுக்கு வெளியேயும் சன்னமாகக் கேட்டது.

அம்மா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சத்தம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, நான் கொஞ்சம் குறைத்து வைத்தேன்.