ஆம்பூர்க் கிணற்றுக்குக் கடல் வருமா?

சென்ற மாதம் ஆம்பூர் போய் வந்தோம். அதற்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறாள் என் அக்கா பச்சையம்மா. அவள் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கரித்துவிட்டது. "படிச்ச பொண்ண கூட்டிக்கினு வா" என்று போன் செய்தாள்.

படித்த பெண் என் பேத்தி சுகன்யா. கடல்நீர் நிலத்துக்கு அடியில் எவ்வளவு தூரம் உள்ளே ஏறும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் படமாகக் காட்டுவாள். ஐந்தாவதோடு நின்ற எனக்கே அந்தப் படம் புரியும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்ட்ரலில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது. பாலாற்றுப் பாலத்துக்குக் கீழே வெறும் மணல். "இங்க தோலு ஜாஸ்தி, தண்ணி கம்மிம்மா" என்றார் ஆட்டோக்கார பாய்.

அக்கா வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. பேத்திக்குக் கடல் பற்றிய வேலை என்று அக்கா சொன்னதை, ஆம்பூருக்கு அடியில் கடல் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாம்மா, எங்க கெணத்துல மீனு எப்ப வரும்?" என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

கொல்லையில் சுகன்யா தண்ணீர் மொண்டு, உப்பை அளக்கும் மீட்டரை விட்டுப் பார்த்தாள்.

"கடல்தானே பாப்பா?" என்றாள் அக்கா.

"இல்ல பெரிய ஆயா. கடல் நூத்தம்பது கிலோமீட்டருக்கு அந்தாண்ட, பள்ளத்துல கீது. அது இவ்ளோ மேட்டுக்கு ஏறாது. இது மேலேர்ந்து எறங்குன உப்பு. தோல் ஷாப்பு உப்பு."

பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான், தோல் பதனிடும் ஷாப்புக்கு வரும். அதை உதறிவிட்டுத்தான் ஊறப்போடுவார்கள். அக்கா வீட்டுக்காரர் சாகும்வரை அந்த உதறுகிற வேலைதான் பார்த்தார். உதறிய உப்பு வெளியே குவிந்து கிடக்கும், மழையில் கரைந்து மண்ணுக்குள் இறங்கும்.

அக்கா சுகன்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெருவுல கடல்னே சொல்லிடு கண்ணு. உங்க தாத்தா உதறுனதுன்னு ஆயிடப் போவுது."

"வேலைக்குப் போனாரு, உதறுனாரு. வெளிய கொட்டச் சொன்னது அவரா ஆயா?"

"கொட்டச் சொன்னவன் இந்தத் தெருவுலயா கீறான்?"

கடல் என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது. சுகன்யா வாசலுக்குப் போய், "கடல் இல்லீங்க. தோல் உப்பு" என்றாள்.

யாரும் அக்காவைப் பார்க்கவில்லை. மீன் கேட்டவள் தலை குனிந்தாள். அந்தத் தெருவில் ஷாப்புக்குப் போகாத வீடு ஒன்றுகூட இல்லை.

"மழை பேஞ்சா சரியாவுமா?" என்றார் ஒருவர்.

"கடல்னா நல்ல மழை தள்ளிவுட்ரும். இத எங்க தள்றது?" என்றாள் சுகன்யா.

ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

அந்தப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள். நமக்கென்று வாங்கிவைத்த தண்ணீர்க் கேனைத் திறக்க விடாதீர்கள். அது அவர்களுக்கு இரண்டு நாள் உலைத் தண்ணீர்.