நீல ஜாடியின் அடியில்

வெள்ளிக்கிழமை காலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அந்தோணி வாசலில் வந்து நின்று, "பிலோமி அக்கா தவறிட்டாங்கபா" என்றார். சொல்ல வெட்கமாக இருக்கிறது. துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பயம். இனி அந்த நீல ஜாடியை யாராவது கவிழ்த்துப் பார்ப்பார்களே.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிலோமினா அக்கா அவர்கள் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாக இருந்தவர். ராயபுரத்தில் எங்கள் தெருவில் தனியாக வாழ்ந்தார். எண்ணூரில் புதுத் துறைமுகம் எழும்பிய காலம் அது. ஊர் திரும்பும் வெளிநாட்டு எஞ்சினியர்கள் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள். எல்லோரும் பிரிட்ஜுக்கு அலைவார்கள்; அக்கா ஸ்வீடன் கண்ணாடிச் சாமான்களைத் தேடுவார். ஜாடியும் கிண்ணமுமாகப் பதினொன்று சேர்த்திருந்தார். கனத்த கண்ணாடிக்குள் நிறங்கள் அடுக்கடுக்காக நிற்கும்.

கண்டெய்னர் லாரி போனால் அலமாரி கிடுகிடுக்கும். அக்கா ஓடிப்போய் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வார். "நானாச்சும் ஓடிடுவேன். இதுங்க எங்கப்பா ஓடும்?" என்பார்.

ஒருமுறை வேளாங்கண்ணிக்குப் போகும்போது சாவியை என்னிடம் கொடுத்தார். நான் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் பாலிஷ் பிரிவில் இருப்பவன். கீறலைக் கண்டால் கை சும்மா இருக்காது. நீல ஜாடியின் அடியில் ஊசியால் கிழித்த மாதிரி கீறல்கள். அக்கா சந்தோஷப்படுவார் என்று கம்பெனிக்கு எடுத்துப்போய், எமரித் தாளால் தேய்த்து, பஃப் துணிச் சக்கரத்தில் பிடித்து வழவழப்பாக்கி வைத்தேன்.

அவர் திரும்பி வந்த அன்று வேறொரு கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார். "இந்தக் கிறுக்கல் இன்னா தெரியுமா? செஞ்சவன் கையெழுத்து. இது இல்லன்னா, பெத்தவன் பேரு தெரியாத புள்ள மாதிரி."

நான் தேய்த்து அழித்தது அதைத்தான். சொல்லத் தைரியம் வரவில்லை.

எட்டு வருடம் அப்படியே போயிற்று. ஞாயிறு பூசை முடிந்து அக்கா கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார். நீல ஜாடியைக் கையில் எடுத்ததும் நான் எழுந்துவிடுவேன். "எங்க ஓட்ற சாரதி, டீ குட்ச்சிட்டுப் போ" என்பார். மும்பையிலிருந்து ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தபோது மற்ற பத்தையும் கவிழ்த்துக் காட்டினார். நீல ஜாடியைத் தொடவில்லை. தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அக்காவின் தங்கை அழைத்தார். "இது உனக்குன்னு சொல்லி வச்சிக்கீறாங்க" என்று நீல ஜாடியை நீட்டினார். வாங்கிக் கவிழ்த்தேன். அடியில் ஒட்டியிருந்தது பழுப்பேறிய ஒரு சீட்டு, அக்காவின் டைப் எழுத்து.

"செய்தது: ஸ்வீடன். மெருகு: சாரதி, திருவொற்றியூர்."

கீழே, வேளாங்கண்ணியிலிருந்து அவர் திரும்பிய தேதி.

அன்றைக்கே தெரியுமா அக்கா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை வருடம் செத்துச் செத்துப் பிழைத்திருக்க மாட்டேனே.

ஜாடி இப்போது என் வீட்டில் இருக்கிறது. பயம் இன்னும் போகவில்லை. லாரிச் சத்தம் கேட்டால் நான் ஓடிப்போய் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள், அக்கா.